ஆயில் பாத்தியா

எங்கள் வீட்டில் ஆயில் என்ற சொல்லை யாரும் சட்டென்று சொல்லிவிட மாட்டோம். தையல் மெஷினுக்கு விடுவதைக்கூட அம்மா எண்ணெய் என்றுதான் சொல்வாள். அந்தச் சொல் காதில் விழுந்தால் அப்பா செய்துகொண்டிருக்கிற வேலை ஒரு கணம் நிற்கும். பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடரும். அதன் காரணத்தை அப்பா என்னிடம் சொன்னதே இல்லை. அம்மாதான், நான் கொஞ்சம் விவரம் தெரிந்தவனாக ஆன பிறகு, துணி மடித்துக்கொண்டே ஒருநாள் சொன்னாள்.

அப்பா ஒரு பனியன் கம்பெனி முதலாளியிடம் கார் டிரைவராக இருந்தார். அது ஊரில் வேறு யாரிடமும் இல்லாத பழைய வெளிநாட்டுக் கார். துணி வாங்க வந்து போய்க்கொண்டிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது முதலாளிக்குக் கொடுத்துவிட்டுப் போனது. வண்டு மாதிரி முதுகு வளைந்திருக்கும். எஞ்சின் பின்பக்கம். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்றும் வேலையும் கிடையாது. உள்ளே ஒரு பெரிய விசிறி காற்றை இழுத்து எஞ்சின் மேல் அடிக்கும். அந்தக் காற்றிலேயே அது தன் சூட்டை ஆற்றிக்கொள்ளும்.

நான் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் அது. தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஊரில் இருந்த முதலாளியின் தாயாருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது என்று விடிந்ததும் போன் வந்திருக்கிறது. அப்பா வண்டியை எடுத்தார். அவிநாசிபாளையம் தாண்டியதும் எஞ்சின் இறுகி நின்றுவிட்டது. முதலாளி இறங்கி ரோட்டோரம் நின்றார். அப்பாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஆயில் பாத்தியா?"

"பாத்தனுங்க. வெடியாலதான் பாத்தனுங்க."

முதலாளி ரோட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். வெகுநேரம் நின்று, வந்த பஸ்ஸில் ஏறிப் போனார். அவர் போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தாயார் உயிர் போயிருந்தது.

அப்பா அன்று முழுக்க வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். துக்கத்துக்குப் போகவில்லை. சாயங்காலம் டிராக்டரில் கட்டி இழுத்து வந்து கம்பெனி குடோனில் விட்டார்கள். ஒரு மெக்கானிக் வந்து எஞ்சினைக் கையால் சுழற்றிப் பார்த்தார், சுழலவில்லை. எதையும் கழற்றாமலே, ஆயில் இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதலாளி அப்பாவைத் திட்டவில்லை. வேலையை விட்டும் நிறுத்தவில்லை. கருமாதி முடிந்து வந்ததும், "நாளையிலிருந்து துணி வெட்டற கட்டிங்ல நின்னுக்கோப்பா" என்றார், அவ்வளவுதான். புது வண்டிக்கு வேறு டிரைவர் வந்தார். அப்பா பத்து வார்த்தை திட்டு வாங்கியிருந்தால் பத்தாம் நாள் மறந்திருப்பார் என்று அம்மா சொல்வாள். திட்டாத மனிதரிடம் எதைச் சொல்லி வாதாடுவது?

அதன் பிறகு அப்பா எந்தக் காரின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை. கம்பெனி சுருங்கியதும் இன்னொரு கம்பெனியில் கேட்டில் உட்கார்ந்தார். என்னைப் படிக்க வைத்தார். அப்பா வழியிலும் அம்மா வழியிலும் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். மெக்கானிக்கல் படித்தேன். வேலை கிடைத்தது ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில், மெர்ச்சண்டைசராக. பட்டன் வந்ததா, லேபிள் வந்ததா, கலர் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிற வேலை. "எஞ்சினு படிச்சுப்போட்டு எங்க பையன் பட்டன் எண்ணீட்டிருக்கறானுங்க" என்று அம்மா எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்வாள். எனக்கு அது சிரிப்பாக இருந்ததில்லை.

போன வருடம் அந்தக் குடோனை முதலாளி வாடகைக்கு விட்டார். உள்ளே கிடந்த காரை இரும்புக்குப் போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அப்பா யாரிடமும் சொல்லாமல் அவர் வீட்டுக்குப் போய் அதைக் கேட்டிருக்கிறார். அவரும், எடுத்துட்டுப் போப்பா என்றிருக்கிறார். முதலிபாளையத்தில் எங்கள் லைன் வீட்டு முன்னால், சீட் போட்ட சாய்ப்புக் கொட்டகைக்குள் அந்தக் கார் வந்து நின்ற பிறகுதான் எனக்கும் அம்மாவுக்கும் விஷயம் தெரியும்.

"நம்ம ஊட்டுல மனுசன் படுக்க எடமில்ல. இதை எங்க படுக்க வெப்பீங்க?" என்றாள் அம்மா.

அப்பா காரின் பின்பக்கத்து மூடியைத் தடவினார். என்னைப் பார்த்து, "தொறந்து பாக்கோணும் கண்ணு" என்றார்.

எதைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. நின்ற நாளிலிருந்து அந்த எஞ்சினை யாரும் திறக்கவில்லை. உள்ளே என்ன இருந்ததோ அது அப்படியே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தோம். பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, மரக்கட்டைகள் முட்டுக் கொடுத்தோம். முதலில் கழற்றியது ஆயில் இறக்கும் போல்ட்டைத்தான். துரு ஏறி இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருந்து, ஸ்பேனரின் வாலில் ஒரு பைப்பைச் சொருகி மிதித்த பிறகு அசைந்தது. அம்மாவின் பழைய சருவச் சட்டியை அப்பா இரண்டு கையாலும் கீழே பிடித்துக்கொண்டார். காரின் அடியில் நானும் அவரும் முகத்துக்கு முகம் படுத்துக் கிடந்தோம்.

முதலில் ஒன்றும் வரவில்லை. அப்பா கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்தேன். பிறகு வந்தது. கரிய பாகு மாதிரி, நூலாக, அதன்பின் விரல் தடிமனாக. வந்துகொண்டே இருந்தது. சட்டி கனத்துக்கொண்டே போனது. இருந்தாலும் அப்பா அதைத் தரையில் வைக்கவில்லை. கடைசியில் பால் அளக்கும் லிட்டரால் அளந்து பார்த்தோம். இருக்க வேண்டிய அளவுக்கு ஒரு டம்ளர் குறைவு, அவ்வளவுதான்.

"நான் பாத்தேன்" என்றார் அப்பா. அதை என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு எழுந்து குழாயடிக்குப் போய் வெகுநேரம் கை கழுவினார்.

அன்று பொழுதோடு முதலாளிக்குப் போன் செய்தார். நின்றுகொண்டுதான் பேசினார். ஆயில் இருந்துச்சுங்க என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கத்துக் குரலுக்காகக் காத்திருந்தார். வண்டி ஓடினால் எடுத்துக்கொண்டு வா, பார்க்கலாம் என்று அவர் சொன்னதாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் இருந்த அப்பாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கேட்டில் டியூட்டி முடிந்து வந்ததும் வாசலில் உட்கார்ந்து பிஸ்டனைப் பற்றிப் பேசுவார். டீக்கடையில், பத்து வருடமாகப் பழகியவர்களிடம், தான் டிரைவராக இருந்ததை முதல்முறையாகச் சொன்னாராம். அம்மா கேலி செய்தால் திருப்பிக் கேலி செய்தார். ஆயில் என்ற சொல் எங்கள் வீட்டில் சாதாரணமாகப் புழங்கத் தொடங்கியது.

எனக்கு மட்டும் ஒரு கேள்வி இருந்தது. ஆயில் இருந்தது என்றால் எஞ்சின் ஏன் இறுகியது? படித்தவன் என்பதால் அது எனக்கு வந்தது என்று நினைத்துக்கொண்டேன். அப்பா ஏன் அதைக் கேட்கவில்லை என்று யோசிக்கவில்லை.

எஞ்சினைத் தனியாக இறக்கி, லாரி டயர் மேல் உட்கார வைத்து, மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். இரண்டு கார்புரேட்டர்கள், பக்கத்துக்கு ஒன்று. அவற்றைச் சமையல்கட்டுக்கு எடுத்துப்போய்ப் பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவினேன். பெட்ரோல் பாய்கிற, பல்லுக்குச்சிகூட நுழையாத துளைகள் கொண்ட பித்தளை ஜெட்கள் பளிச்சென்று வந்தன. ஒவ்வொன்றையும் துடைத்து, ஒரு தட்டில் வரிசையாக வைத்து, அடுத்த நாள் எடுத்து ஊதிப் பார்த்தால் பாதி ஜெட்டில் காற்று போகவில்லை. திரும்பக் கழுவினேன். திரும்ப அடைத்தது. மூன்றாம் முறைதான் புத்தி வந்தது. நான் துடைத்தது பனியன் வேஸ்ட்டால், கம்பெனியில் வெட்டி மீந்த துண்டுத் துணியால். இந்த ஊரில் மெஷின் துடைப்பதும் சைக்கிள் துடைப்பதும் குழந்தைக்கு மூக்குத் துடைப்பதும் அதில்தான். அது இல்லாமல் எங்களுக்குக் கை ஓடாது. அதிலிருந்து உதிர்கிற பஞ்சு ஒவ்வொரு துளையிலும் போய் உட்கார்ந்துகொண்டது.

"தட்டைத் திருப்பிக் குடுத்துரு சாமி. ரெண்டு நாளா உங்கப்பன் பெட்ரோல் வாசத்துலதான் சோறு உங்கறாரு" என்று அம்மா சொன்னாள். காற்று மட்டும் அடித்துக் காயவைத்தபோது ஜெட்கள் சரியாகின.

விசிறியை மூடியிருந்த தகரக் கூட்டை எடுத்தது அதற்கு அடுத்த வாரம். அப்பா டியூட்டியில் இருந்தார். அந்தக் கார் ஓடிய காலத்தில் துணி பின்னுகிற நிட்டிங் ஷெட்டுக்குப் பக்கத்தில் நின்றது; சிலிண்டரைச் சுற்றி இருக்கும் தகடுகளுக்கு நடுவே பஞ்சு ஏறியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். இருந்தது. விளக்குமாற்றுக் குச்சியால் நோண்டி நோண்டி எடுத்தேன். ஒரு மூலையில் மட்டும் குச்சி உள்ளே போகவில்லை. ஆயிலை ஆற்றுகிற சின்ன ரேடியேட்டர் போன்ற பகுதிக்கும் அதற்குக் கீழே இருந்த சிலிண்டருக்கும் காற்று போகிற வழி அது. இடுக்கியை விட்டு இழுத்தேன். கம்பளம் மாதிரி இறுகிப்போன ஒன்று வந்தது. ஒரு ஓரம் கருகியிருந்தது.

பிரித்துப் பார்த்தேன். துணி. இளநீலக் கோடு போட்ட பனியன் துணி, கைத்துண்டு அளவு. ஒரு மூலையில் முடிச்சு.

அந்த முடிச்சை எனக்குத் தெரியும். அப்பா எந்தத் துடைக்கிற துணியை எடுத்தாலும் முதலில் ஒரு மூலையில் முடிச்சுப் போடுவார், பிடித்து இழுக்க வசதி என்று. இன்றைக்கும் எங்கள் வீட்டில் அவருடைய துணிகள் எல்லாவற்றிலும் அது இருக்கிறது.

அந்தச் சிலிண்டரைக் கழற்றினேன். அதில்தான் பிஸ்டன் உருகிச் சுவரோடு ஒட்டியிருந்தது. மற்ற மூன்றும் நன்றாக இருந்தன.

துணியை ஒரு பாலித்தீன் கவரில் போட்டு என் ஆபீஸ் பையில் வைத்துக்கொண்டேன். அதோடு கம்பெனிக்குப் போனேன், வந்தேன். பம்பாயிலிருந்து புது சிலிண்டரும் பிஸ்டனும் வந்தன. தொழிற்பேட்டை லேத்தில் கொடுத்து ஹெட்டைச் சமமாகத் தேய்த்து வாங்கி வந்தேன். வால்வுகளைத் தேய்ப்புப் பசை தடவி உள்ளங்கைகளுக்கு நடுவே குச்சியைச் சுழற்றிச் சுழற்றி உட்கார வைத்தோம். அப்பா எனக்கு எதிரே உட்கார்ந்து, முதலாளி முன்னால் போய் நின்று என்ன சொல்வது என்று ஒத்திகை மாதிரிச் சொல்லிப் பார்ப்பார். ஏனுங்க, நான் அன்னைக்குச் சொன்னது நெசமுங்க. நீங்களே பாருங்க. அதைக் கேட்கும்போது என் கை சுழற்றுவதை நிறுத்திவிடும்.

அம்மாவிடம் காட்டினேன். அவள் கம்பெனியின் செக்கிங் டேபிளில் பழுது தேடித் துணி பார்ப்பது போல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முடிச்சைத் தொட்டாள்.

"இதைக் கொண்டுபோய் அடுப்புல போடு" என்றாள். "எத்தனை வருசங் கழிச்சு மனுசன் சிரிக்கறாரு. உனக்கு அது பொறுக்கலியா?"

பொறுக்கவில்லை என்பது இல்லை. அவர் அந்த மனிதர் முன்னால் போய் நின்று, தன்மேல் தவறே இல்லை என்று நம்பிச் சொல்லப்போகிறார். அது தவறு என்று எனக்கு மட்டும் தெரிந்திருக்க, நான் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அம்மாவிடம் இதை இப்படிச் சொல்லத் தெரியவில்லை. என்னால முடியாதும்மா என்றுதான் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் அப்பா வந்ததும், துணியை எடுத்து எஞ்சின் மேல் வைத்தேன்.

அவர் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தார். "எங்கிருந்துச்சு?"

"ஃபேனுக்கு உள்ளங்கப்பா. இறுகுன சிலிண்டருக்கு மேல."

கீழே உட்கார்ந்தார். எதுவும் கேட்காமலே அவராகச் சொன்னார். ராத்திரி முழுக்க ஷெட்டிலிருந்து பஞ்சு பறக்குமாம். அது எஞ்சினுக்குள் போகக் கூடாது என்று விசிறியின் வாயில் இரண்டு துணிகளை அடைத்து வைப்பாராம். காலையில் எடுத்துவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்வார். யாரும் அவருக்கு அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அன்றைக்குப் போன் வந்த அவசரத்தில் ஒரு துணிதான் கையில் வந்தது.

"இன்னொண்ணு கீழ விழுந்திருக்கும்னு நெனச்சேன் கண்ணு. தேடிப் பாத்திருக்கோணும்."

"அப்ப இத்தனை வருசமா உங்களுக்கு..." என்று தொடங்கிவிட்டேன். முடித்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் முடித்தேன். "தெரிஞ்சுமாங்கப்பா ஆயிலையே புடிச்சுட்டிருந்தீங்க?"

அப்பா துணியை எடுத்து முடிச்சை விரலால் உருட்டினார்.

"அவுங்க ஆயிலத்தான கேட்டாங்க" என்றார்.

அதற்குப் பிறகு எஞ்சின் வேலையை அவர் விட்டுவிடுவார் என்று நினைத்தேன். விடவில்லை. முன்பைவிட ஒழுங்காகச் செய்தார். பேச்சு மட்டும் நின்றுபோனது. இரண்டு கார்புரேட்டர்களும் ஒரே அளவு காற்று இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் நொண்டும். அதற்கு ஒரு ரப்பர் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயில் காட்டிக் கேட்க வேண்டும். முதல் முறை ஓடிய அன்று சாய்ப்பு முழுக்கப் புகை, பவர்லூம் தறி மாதிரிச் சத்தம், லைன் வீட்டுக்காரர்கள் எல்லாம் வாசலில். நான் ஸ்குருவைத் திருப்ப, அப்பா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி டியூபை வைத்துக் கேட்டார். சித்தெ கூட்டு, போதும், சித்தெ கொற என்று கையாலேயே சொன்னார். இரண்டு பக்கத்துச் சீறலும் ஒன்றானபோது டியூபைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே குனிந்து நின்றார். அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவுங்க ஊட்டுக்கு எப்பப் போலாங்கப்பா?" என்றேன். போக வேண்டாம் என்று சொல்வார் என்று பாதி எதிர்பார்த்தேன்.

"வர்ற ஞாயித்துக்கிழமை" என்றார்.

நான் ஓட்டினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையில் காகிதத்தில் சுற்றிய அந்தத் துணி. சத்தம் கேட்டே முதலாளி கேட்டுக்கு வந்துவிட்டார். வயதாகியிருந்தது, கையில் தடி. காரை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். பின்பக்கத்து மூடியில் கையை வைத்தார்.

"நீ சொன்னது நெசந்தாம்ப்பா" என்றார். "அன்னைக்கு நான் நம்பியிருக்கோணும்."

அதோடு அப்பா கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கலாம். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா காகிதத்தைப் பிரித்தார். "ஆயிலு நெசமுங்க. ஆனா வண்டி நின்னது இதனாலதானுங்க. இது ஃபேனுக்குள்ள இருந்துச்சுங்க. நான் வெச்ச துணிங்க."

முதலாளி துணியை வாங்கினார். இந்த ஊரில் யார் கையில் துணியைக் கொடுத்தாலும் செய்வது போல, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே வைத்து ஒரு முறை உரசிப் பார்த்தார். அது அவருடைய கம்பெனியில் ஓடிய துணிதான். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"இது இல்லாம இருந்திருந்தா, போயிச் சேந்திருப்பமா?"

"சேந்திருப்பமுங்க."

"அம்மா இருக்கறப்பவே?"

"ஆமாங்க. நீங்க பஸ்ஸுக்கு நின்னீங்கல்லங்க, அந்த நேரத்துக்குள்ளயே போயிருப்பமுங்க."

முதலாளி தலையை ஆட்டினார். துணியை மடித்து வாசல் திண்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். நாங்கள் வாசலிலேயே நின்றோம். போவதா நிற்பதா என்று தெரியவில்லை. நான் கார்ச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன். அப்பா அசையவில்லை, அன்றைக்கு அவிநாசிபாளையத்து ரோட்டோரமும் இப்படித்தான் நின்றிருப்பார் போலிருக்கிறது.

வெகுநேரம் கழித்து முதலாளியின் மனைவி வந்து எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அப்பா, இல்லீங்க என்று ஆரம்பித்தார். "அவுங்க எலை போட்டுட்டு உக்காந்திருக்கறாங்க" என்றார் அந்த அம்மா.

டிரைவராக இருந்த காலமெல்லாம் அப்பா அந்த வீட்டில் பின்கட்டில்தான் சாப்பிட்டிருக்கிறார். அன்று கூடத்தில் மூன்று இலை போட்டிருந்தது. முதலாளிக்கு எதிரே அப்பா, பக்கத்தில் நான். சோறு, பருப்பு, ரசம், மோர். எது வந்தாலும் அப்பா வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார். ஒரு பருக்கை மீதியில்லாமல் சாப்பிட்டார்.

முடிந்ததும் அப்பா இலையை மடிக்க எடுத்தார். கை நின்றது. விருந்து சாப்பிட்டால் இலையை நம் பக்கமாக மடிப்போம், துக்கச் சாப்பாடு என்றால் எதிர்ப்பக்கமாக. அப்பா நிமிர்ந்து எதிரே பார்த்தார்.

முதலாளி தன் இலையை எதிர்ப்பக்கமாக மடித்து, மேலே கையை வைத்து அழுத்திவிட்டு எழுந்தார்.

அப்பாவும் அப்படியே மடித்தார்.